வாடை வந்தால்தான் சுத்தமாம்

எங்கள் ஊரில் வீடு சுத்தமாக இருக்கிறதா என்று யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கால் பார்க்கிறார்கள். வாசலில் கால் வைத்ததும் பினாயில் வாடை குப்பென்று அடிக்க வேண்டும். பாத்ரூம் கதவைத் திறந்தால் ஆசிட் நெடியில் கண் கலங்க வேண்டும். அப்போதுதான் அது கழுவின வீடு. நெடி இல்லாவிட்டால், தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் என்கிற மாதிரி இருந்தாலும் அது கழுவாத வீடுதான். எந்த மடையன் இந்தச் சட்டத்தைப் போட்டானோ தெரியவில்லை. இந்தச் சட்டத்தால் என் அண்ணி இரண்டு தடவை செத்துப் பிழைத்தார்.

அண்ணியின் பெயர் வியாகுலம்மாள். என் மூத்த அண்ணன் அருள்நாதனின் மனைவி. பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருக்கிறார். அண்ணன் பெயிண்ட் அடிக்கிற வேலை பார்த்தார். ஒரு நாள் ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அண்ணி வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் ஃப்ளாட்டுகள் முளைக்க முளைக்க அண்ணிக்கு வேலையும் முளைத்தது. காலையில் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி இறங்கினால் வீடு வீடாகப் பெருக்கி, துடைத்து, பாத்ரூம் கழுவி, மத்தியானம் திரும்புவார். மகள் சுஜாவை நர்ஸிங் படிக்க வைத்தது அந்தக் கைதான். சுஜா இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

அண்ணி வாய் உள்ள மனுஷி. "வியாகுலம்னு பேர் வச்சிருக்காங்களே, கவலையான பேரா இருக்கே" என்று யாராவது கேட்டால், "எங்கப்பா மொத்தக் கவலையையும் பேர்லயே வச்சுத் தீர்த்துட்டாரு. மிச்சம் நான் படுறதுக்கு ஒண்ணும் இல்ல" என்பார். என்னைச் சாதாரணமாகத் தம்பி என்று கூப்பிடுவார். கிண்டல் செய்யும்போது மட்டும் கொழுந்தனாரே. நான் குழாய் வேலை பார்க்கிறவன். அண்ணி வேலை செய்கிற வீடுகளில் எங்கே குழாய் ஒழுகினாலும் என் நம்பரைத்தான் கொடுப்பார்.

அப்படித்தான் திருவானைக்காவலில் ஒரு ஃப்ளாட்டிலிருந்து போன் வந்தது. பாத்ரூம் குழாய் பெயர்ந்துவிட்டது, உடனே வாங்க என்றார்கள். போனால் தரை எல்லாம் தண்ணீர். உள்ளே ஒரு நெடி, தொண்டையைக் கத்தியால் கீறினாற்போல. எப்படிப் பெயர்ந்தது என்று கேட்டேன்.

"உங்க அண்ணிதாங்க, மயக்கமாகி விழும்போது குழாயப் பிடிச்சுட்டாங்க. ஆட்டோல ஏத்தி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம். நீங்க இத மாட்டிட்டுப் போயிருங்க" என்றார் அந்த வீட்டம்மா.

நடந்தது இதுதான். டைல்ஸில் மஞ்சள் கறை போகவில்லை என்று அந்தம்மா ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் பவுடரையும் கையில் கொடுத்து, "ரெண்டையும் சேர்த்துப் போட்டுத் தேய்ங்க" என்றிருக்கிறார். ஜன்னல் இல்லாத பாத்ரூம். காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் ஓடாமல் எத்தனை காலமோ. ஆசிட் பவுடரில் பட்டதும் புகை கிளம்பியிருக்கிறது. அண்ணி கதவைத் தேடுவதற்குள் கண் இருட்டிவிட்டது.

நான் குழாயை மாட்டவில்லை. மெயின் வால்வை மூடிவிட்டு வந்துவிட்டேன். கிடக்கட்டும் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி திரும்பி வந்தார். நுரையீரல் முழுசாகத் திரும்பவில்லை. படி ஏறினால் இழுப்பு. குளிர்காலத்தில் இழுப்பு. "இனிமே ஆசிட் ஆவி மூக்குல ஏறவே கூடாதும்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாமக்கூடப் போகலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். போதாக்குறைக்கு மூக்கும் செத்துப்போனது. அன்றிலிருந்து அண்ணிக்கு எந்த வாசனையும் தெரியாது. மல்லிகைப் பூவும் நெத்திலிக் கருவாடும் அவருக்கு ஒன்றுதான்.

வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கே வந்துவிடச் சொல்லி சுஜா போனில் அழுதாள். நானும் சொன்னேன்.

"கையக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா மூச்சு மட்டும் தானா வந்துருமா?" என்றார் அண்ணி. "வேலைய விடமாட்டேன். ஆசிட்டத்தான் விடுவேன்."

விட்டார். பினாயிலையும் விட்டார். கடையில் விற்கிற நீலத் தண்ணீர், பச்சைத் தண்ணீர் எல்லாவற்றையும் விட்டார். போனில் யார் யாரோ போடுகிற வீடியோவைப் பார்த்து, பாதியை நம்பி, மீதியைத் தானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார். நகைக்கடையில் வெள்ளி, தங்கம் கழுவுவார்களே, அந்தப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் காய்ச்சி அந்தத் தண்ணீரில் தரை துடைத்தார். பாலக்கரையில் கலீம் பாய் பிரியாணிக் கடையில் இன்னும் விறகடுப்புதான். அங்கே சாம்பல் வாங்கி, பழைய சேலைத் துணியில் சலித்து சிங்க் தேய்த்தார். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஜூஸ் கடைக்காரன் குப்பையில் போடுகிற எலுமிச்சைத் தோல், சாத்துக்குடித் தோல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வந்து, வெல்லமும் தண்ணீரும் சேர்த்துக் கேனில் ஊறப்போட்டார். மாசக்கணக்கில் ஊறினால் புளித்து ஒரு தண்ணீர் வரும். அதை வெந்நீரில் கலந்து ஊற்றித் தேய்த்தால் பாத்ரூம் உப்புக்கறை இளகி வரும்.

எல்லாம் அழகாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கேன் மூடியை அடிக்கடித் திறந்து காற்றை விட வேண்டும். அண்ணி சுஜாவைப் பார்க்கப் போன நேரம் திறக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் கோயிலிலிருந்து வருகிற நேரத்தில் டமார் என்று வெடித்தது. கேஸ் சிலிண்டர் என்று நினைத்து நான் பூட்டை உடைத்துக்கொண்டு ஓடினேன். விட்டத்தில் எல்லாம் சாத்துக்குடித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடி வந்த கலீம் பாய் மேலே பார்த்துவிட்டு என்னிடம், "தைரியராஜ், ஜூஸ் போடணும்னா கீழ நின்னு போடக்கூடாதா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. புதுப்பூட்டு.

இன்னொரு வீட்டில் பூஜை அறையில் கடப்பாக்கல் போட்டிருந்தார்கள். அதிலும் இந்தப் புளித்த தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டார். கறுப்புக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. "புளிப்பு புளிப்புதான் அண்ணி. எலுமிச்சம்பழத்துலருந்து வந்தா கல்லு சும்மா விட்ருமா?" என்று அவரையும்தான் திட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அந்த வேலை போனது. அது நியாயம். அதற்கு நான் கோபப்படவில்லை.

மற்ற வீடுகள் போனதுதான் அநியாயம். அங்கே கல் பூக்கவில்லை, கறை மிஞ்சவில்லை. "வாசனையே வரலையேக்கா" என்றார்கள், அவ்வளவுதான். ஒருத்தி கொட்டைத் தண்ணீர் தலைக்குத்தான், தரைக்கு இல்லை என்றாள். இன்னொருத்தி பாத்ரூம் வாசலில் நின்று நாய் மாதிரி மோப்பம் பிடித்துவிட்டு, "நீங்க உள்ள போனதே தெரியலையே" என்றாளாம். மூக்கில்லாத மனுஷியிடம் போய் வாசனைக் கணக்கு கேட்கிறார்கள்! ஒவ்வொரு வீடாகக் கழன்றது.

கடைசியில் நின்றது ஸ்ரீரங்கத்தில் ரஞ்சனி வீடுதான். ராஜகோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஃப்ளாட். ரஞ்சனி வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். தவழுகிற வயதில் ஒரு பெண் குழந்தை. "எனக்கு வாசனையே வேண்டாங்கக்கா. இது தரையில கிடக்கிறதையெல்லாம் நக்குது. நீங்க உங்க தண்ணியிலயே துடைங்க" என்றாள். அவள் சொல்லி, அதே மாடியில் இன்னும் இரண்டு வீடு சேர்ந்தது. மூன்று வீட்டுக்குமான பாட்டில்களை ரஞ்சனி வீட்டு வாஷ்பேசினுக்குக் கீழே வரிசையாக வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தாள். எல்லாம் ஜூஸ் கடையில் வாங்கின பச்சை நிறக் கூல்டிரிங்க் பாட்டில்கள். இந்த வீடு போனால் மற்ற இரண்டும் போகும், அப்புறம் அண்ணிக்கு வேலை என்று ஒன்று இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரஞ்சனியின் வீட்டுக்காரர் மாதவன், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மெதுவாகப் பேசுகிறவர். அம்மாவுக்குப் பயந்தவர், பெண்டாட்டிக்கும் பயந்தவர். அம்மா பொன்னுத்தாய் லால்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். தீபாவளிக்கு வந்த அந்தம்மா செருப்பைக் கழற்றும்போதே மூக்கைத் தூக்கினாராம்.

"என்னடா மாதவா, வீட்டுல ஒரு வாடையும் காணோம்? அந்தப் பொம்பள கழுவுறாளா, இல்ல தண்ணியக் காட்டிட்டுப் போறாளா?"

"அத்தை, அவங்க இயற்கையா..." என்று ரஞ்சனி ஆரம்பிக்க, "இயற்கையா விட்டா வீடு நாறத்தான் செய்யும். வேற ஆளப் பாரு" என்று முடித்துவிட்டார். ரஞ்சனி வேறு ஆளைப் பார்க்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாதவன்.

மார்கழி வந்தது. சொர்க்கவாசல் திறப்புக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். பொன்னுத்தாய் அம்மா, அவர் தங்கச்சி, தங்கச்சி மருமகள் என்று ஒரு பட்டாளம் மறுநாள் வந்து இறங்குவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ரஞ்சனி வீட்டுச் சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

சிங்க்குக்குக் கீழே இருந்த குழாயைக் கழற்றினேன். உள்ளே கொழகொழவென்று பூந்திக்கொட்டைச் சக்கை.

"அண்ணி! வடிகட்டி ஊத்துங்கன்னு எத்தனை தடவ சொல்றது? குழாயா இது, குப்பைத்தொட்டியா?"

"நீங்க பொழைக்க வேணாமா கொழுந்தனாரே? அடைச்சாத்தானே உங்களக் கூப்பிடுவாங்க" என்றார் அண்ணி, வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனபடியே. இடுப்பில் குழந்தையோடு நின்ற ரஞ்சனி சிரித்தாள்.

நான் சக்கையைத் தோண்டிக்கொண்டிருந்தேன். பாத்ரூமுக்குள் ஒரு இருமல். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது இருமலில் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வாளி கவிழ்கிற ஓசை கேட்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். பாத்ரூம் வாசலிலேயே நெடி மூஞ்சியில் அறைந்தது. ஆசிட். சந்தேகமே இல்லை, அது என் தொழிலில் தினம் பார்க்கிற சனியன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அண்ணியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பால்கனியில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், காற்று போகவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. ரஞ்சனி குழந்தையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அண்ணியின் கைப்பையைக் கவிழ்த்து இன்ஹேலரை எடுத்து வந்தாள். ஒரு வழியாக ஆட்டோவில் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். செபம் சொல்ல வாயெடுத்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது.

இழுப்பு அடங்கிவிட்டது, பயப்பட வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பிறகு நான் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பாத்ரூமில் அந்தப் பச்சைப் பாட்டில் உருண்டு கிடந்தது. கொஞ்சம் மிச்சம் இருந்தது. பால்கனி சிமென்டுத் தரையில் ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. அண்ணியின் பாட்டில், அண்ணி வைத்த இடம், உள்ளே ஆசிட். வழக்கம்போல வெந்நீரில் ஊற்றியிருக்கிறார். குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினாலே கிளம்புகிற ஆவி வெந்நீரில் சும்மா இருக்குமா? மூடியைத் திறந்தபோதே வேறு யாருக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு மூக்கு இல்லை.

யார் ஊற்றியது என்று தேட வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. ஆபீசிலிருந்து மாதவன் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, என் முன்னால் நின்று, தரையைப் பார்த்தார்.

"அண்ணே, அது நான் வச்சதுதான்."

இதுவரை இந்த ஆளை அவர் இவர் என்று எழுதிவிட்டேன். இனி முடியாது.

தெருவில் மொபெட்டில் கேன் கட்டிக்கொண்டு ஒருவன் ஆசிட், பினாயில் விற்று வருவான். பாட்டில் நாம் கொடுத்தால் அதில் ஊற்றித் தருவான். அண்ணியின் காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மாதவன் அவனிடம் ஆசிட் வாங்கியிருக்கிறான். அம்மா வருகிற அன்றைக்குக் காலையில், ரஞ்சனி தூங்கி எழுவதற்குள் பாத்ரூமில் கொஞ்சம் ஊற்றிவிட்டால் வாடை வந்துவிடும், அம்மா வாயைத் திறக்க மாட்டார், அண்ணி வேலையும் போகாது, வீட்டில் சண்டையும் வராது. இது அவன் போட்ட திட்டம்.

"அத ஏன்யா அவங்க பாட்டிலோட கொண்டுபோய் வச்ச?"

"வேற எங்க வச்சாலும் ரஞ்சனி கண்ணுல பட்டுரும்ண்ணே. அந்தப் பாட்டில்களை அவ தொடவே மாட்டா. அங்கதான் பத்திரமா இருக்கும்னு..."

"யாருக்குப் பத்திரம்?"

சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"அவங்களுக்கு மூக்கு தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ண்ணே. அந்த நேரத்துல ஞாபகம் வரல. கடைசியில, ஓரமாத்தான் வச்சேன். அவங்க முதல்ல இருக்கிறதத்தானே எடுப்பாங்கன்னு..."

அவனுக்குக் கடைசியாக இருந்த பாட்டில்தான் அண்ணியின் கைக்கு முதலில் எட்டியிருக்கிறது. நான் கையை ஓங்கவில்லை. ஆஸ்பத்திரி என்பதால் ஓங்கவில்லை. பச்சைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஆசிட்! தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில், வாஷ்பேசினுக்குக் கீழே, பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில்! இதைத்தான் ரஞ்சனியும் கேட்டாள். என்னைவிட மோசமாகக் கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிட் வாங்கியவன் கெட்டவனாக இருந்தால் எனக்கு நிம்மதி. போட்டுச் சாத்தியிருப்பேன். இவன் எல்லோருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்தவன். இந்த மாதிரி நல்லவன்களால்தான் ஆள் சாகிறது.

அண்ணி கட்டிலில் இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். மாதவன் போய் நின்றான். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"ஏன் சார்... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"தப்புதாங்கக்கா."

"உங்கம்மாவுக்கு வாடைதானே வேணும்? சாம்பிராணி போட்டிருப்பனே." மூச்சு வாங்கினார். "இனிமே அந்தப் பாத்ரூம நான் தொடமாட்டேன். நீங்களே கழுவுங்க. நீங்களே மோந்துக்குங்க."

மறுநாள் காலையில் நான் மறுபடி போக வேண்டியிருந்தது. சிங்க் குழாயைக் கழற்றிப் போட்டபடியே விட்டுவிட்டு ஓடியிருந்தேன். போனால், மாதவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்ரூம் தரையில் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வாளி. வாசலில் ரஞ்சனி.

"அந்த மூலை."

"தேச்சாச்சு."

"தேச்ச மாதிரித் தெரியல. இன்னொரு தடவை."

அதற்கு முன்னாலேயே ஆசிட் பாட்டிலைக் கொடுத்து அவனைக் கீழே அனுப்பியிருக்கிறாள். மொபெட்காரனை நிறுத்தித் திருப்பிக் கொடுக்கப் போனால், "என்ன சார், அதுக்குள்ள தீர்ந்துருச்சா? இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டானாம். எடுத்துக்கொண்டால் போதும் என்று அவன் கேனிலேயே ஊற்றிவிட்டு வந்ததாகச் சொன்னான். சொல்லும்போது மாதவன் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. குழாயை முறுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பட்டாளம் வந்து இறங்கியது. பொன்னுத்தாய் அம்மா பையைக் கீழே வைக்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராகப் பாத்ரூமுக்குப் போனார். நான் சமையலறையில் ஸ்பானரைப் பிடித்தபடி காதைத் தீட்டினேன்.

"யாருடா கழுவுனா இத?"

"நான்தாம்மா" என்றான் மாதவன். முட்டி வரைக்கும் ஈரம்.

"நீயா?"

"ஆமாம்மா."

"அடப்பாவி, ஆம்பளப் புள்ளய இந்த வேலையெல்லாம் பார்க்க வச்சுட்டாளா!" என்று ரஞ்சனியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் குரல் குழைந்தது. "ஆனாலும் நீ கழுவுனா கழுவுனதுதான்டா ராசா. பாரேன், கண்ணாடி மாதிரி இருக்கு. ஏய், வந்து பாருங்கடி, எம்புள்ள கழுவியிருக்கிற லட்சணத்த!"

தங்கச்சியும் மருமகளும் போய்ப் பார்த்தார்கள். கண்ணாடிதான் என்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சிங்க்குக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன்.

"பெரியம்மா, இதுலயும்தான் ஒரு வாடையும் இல்ல. அதே தண்ணி. அதே கொட்ட."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாடை எதுக்குப்பா? அதான் கண்ணு தெரியுதுல்ல?"

அப்படியே நின்றுவிட்டேன். கண் தெரிகிறதாம். தீபாவளிக்கு இந்தக் கண் எங்கே போயிருந்தது? வாடை, வாடை என்று அண்ணியை விரட்டினார்களே இத்தனை வீட்டில், அத்தனை பேருக்கும் கண் இருந்தது. எங்கள் அண்ணி கழுவினால் மூக்கைத் திறப்பார்கள், மகன் கழுவினால் கண்ணைத் திறப்பார்கள். இதற்கா ஒரு மனுஷி மூச்சைப் பறிகொடுத்தார்? வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். ரஞ்சனிதான், "அண்ணே, தண்ணி விட்டுப் பார்க்கலாமா?" என்று என்னைச் சமையலறைக்குள் திருப்பி இழுத்தாள். அவள் கண்ணில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. எனக்கு இருந்த அதே கோபம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணியை வீட்டுக்கு அனுப்பினதும் போய் இதைச் சொன்னேன். எரிச்சலோடுதான் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, இன்ஹேலரை எடுத்து இழுத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"இதுல என்ன அண்ணி சிரிப்பு?"

"அப்ப பாத்ரூம் இனிமே எப்பவும் சார்தான் கழுவணும் தம்பி. அவங்கம்மாவே சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை போய்ச் சொல்லிடுறேன்."

"திங்கக்கிழமை போறீங்களா? எங்க?"

"ரஞ்சனி வீட்டுக்குத்தான். வேற எங்க போவேன்?"

கத்தினேன். சுஜாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். பாட்டிலுக்குள் இன்னொருத்தன் இன்னொன்றை ஊற்றி வைப்பான் என்றேன். கலீம் பாய் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணி எழுந்து போய் அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பாட்டிலே இனிக் கிடையாது. இதுல கொண்டுபோவேன், இதுலயே திருப்பிக் கொண்டுவருவேன். அடுத்தவங்க வீட்டுல ஒரு சொட்டு வச்சுட்டு வரமாட்டேன். போதுமா கொழுந்தனாரே? சக்கையையும் வடிகட்டிர்றேன்."

போதாது என்றேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றதும் நான்தான். பஸ் நெரிசலில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு அவர் எப்படி நிற்பார்? ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டினேன், ஒன்றை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

காவிரிப் பாலத்தில் ஏறும்போது முன்னால் ஒரு மொபெட். இரண்டு பக்கமும் கேன் கட்டி, ஸ்பீக்கரில் ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் என்று அலறிக்கொண்டு ஆடி ஆடிப் போகிறான். காற்று எதிரில். அவன் கேனிலிருந்து வருகிற நெடி நேராக எங்கள் மேல். எனக்குத் தொண்டை கரகரத்தது. ஹாரனை அழுத்தினேன். விலகவில்லை. அழுத்திய கையை எடுக்காமல், பஸ்ஸுக்கும் அவனுக்கும் நடுவில் வண்டியை நுழைத்தேன்.

"ஏன் தம்பி இப்படி விரட்டுறீங்க? தண்ணி சிந்துது பாருங்க" என்றார் அண்ணி பின்னாலிருந்து. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவனைத் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகுதான் வேகத்தைக் குறைத்தேன்.